அடுப்பு புதுப்பிக்கப்படுகிறது

வியாழன் ஏழு முதல் எட்டு வரை ஆண்கள் முறை.
கயானி நகரில், எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில்
நாலு பேர், நாலு துண்டு, ஒரு சவுனா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று.

அடுப்பு புதிது.
சங்கத் தலைவி சிர்க்கா மூன்று பக்கச் சுற்றறிக்கை விட்டு
வாங்கி வைத்தது.
பழையதற்கு ஒரு திருகு இருந்தது,
திருகினால் சூடு.
புதியதற்குக் கடவுச்சொல்:
எட்டு எழுத்து, ஓர் எண், ஓர் ஆச்சரியக்குறி.

துண்டு கட்டியவனுக்குச் சட்டைப்பை ஏது?
கைப்பேசி எடுக்க நாலாம் மாடிக்கு உர்ப்போ போனான்.
லிஃப்டில் இரண்டாம் மாடி அம்மாள் ஏறினாராம்.
ஒரு கையில் துண்டு, மறு கையில் துண்டின் மறு முனை,
வணக்கத்தைத் தலையால் சொன்னானாம்.

திரையில் வந்தது:
புதுப்பிப்பு நடக்கிறது. அடுப்பை அணைக்காதீர்கள்.

"பற்றவே இல்லையே" என்றார் ஆர்மாஸ்.

நாலு சதவீதம்.

சூட்டில் நாங்கள் பேசுவதில்லை.
கல்லில் தண்ணீர் விழும், கல் பேசும், கேட்டுக்கொண்டிருப்போம்.
குளிர்ந்த பலகையில் வேறென்ன செய்வது?
வெறும் வாய்க்கு அவல்
காலைத் தாளின் அறிவியல் பக்கம்.

காப்பி ஆயுளைக் கூட்டுமாம், தினம் நாலு கோப்பை வரை.
"போன அக்டோபரில் குறைக்கும் என்றார்களே?"
ஆர்மாஸ் ஓய்வுபெற்ற கணக்கர்.
விரல்விட்டுப் பார்த்தார்:
கூட்டியது மூன்று வருடம், குறைத்தது இரண்டு,
நிகர லாபம் ஒன்று.
அதை எப்படிச் செலவழிப்பது என்று
தாளில் போடவில்லை.

எலிகளிடம் சோதித்ததுதான் என்றேன் நான்.
"எலிக்கு யார் நாலு கோப்பை ஊற்றியது?" என்றான் உர்ப்போ.
அத்தோடு அந்தச் செய்தி தீர்ந்தது.

பதினொன்று. நாற்பது.
பிறகு முப்பத்தெட்டு.
சதவீதம் பின்னால் நடக்கும் என்று
எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தைஸ்தோ அதுவரை வாய் திறக்கவில்லை.
அவர் வீட்டில் ஒரு துடைப்ப ரோபோ,
வட்டமாக, கறுப்பாக.
செவ்வாய்க்கிழமை கட்டிலுக்கடியில் போனது
வரவில்லை.
"ராத்திரி ஒரு தடவை உதவி கேட்டது.
ஸ்வீடிஷில் கேட்டது. மொழியை மாற்றத் தெரியவில்லை எனக்கு."
கொஞ்சம் விட்டு,
"மனைவி ஓவுலுவுக்கே போன பிறகு
வீட்டில் பேசிய முதல் ஆள்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆர்மாஸ் அகப்பையை எடுத்தார்,
பழக்கம்,
கல்லில் ஒரு வீச்சுத் தண்ணீர்.
சொட்டுச் சொட்டாய்க் கீழே வடிந்தது.

கடைசிச் செய்தி உர்ப்போவுடையது.
எங்கோ ஒரு கோள், நூற்றுப் பதினேழு ஒளியாண்டு.
அதன் காற்றில் நீராவி கண்டார்களாம்.
"அங்கே இருக்கிறது" என்றான்,
அடுப்பைப் பார்த்தபடி.

ஏழு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை விளக்கு.
வரவேற்கிறோம்.
கதவைத் தட்டினாள் சிர்க்கா, பெண்கள் முறை,
கையில் வாளி, பின்னால் ஐந்து பேர்.
"நன்றாக வேலை செய்கிறதா?"
"செய்கிறது" என்றோம். வேறென்ன சொல்ல.
படியேறும்போது கேட்டது
உள்ளே கல்லின் சீறல்.

உர்ப்போவின் கைப்பேசி நட்சத்திரம் கேட்டது:
இன்றைய அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை?
"தைஸ்தோ பேசினார். இரண்டு போடு" என்றார் ஆர்மாஸ்.
போட்டான்.

அதே துண்டோடு மூன்றாம் மாடியில் நின்றோம்.
தைஸ்தோ கதவைத் திறந்தார்.
நாலு பேரும் முழங்காலிட்டுக் கட்டிலுக்கடியில் தலைவிட்டோம்,
இருந்த ஒரே டார்ச்சும் எனக்குக் கிடைக்கவில்லை.
கடைசியில்
பழைய துடைப்பக்கட்டையால்தான் இழுக்க முடிந்தது.
அது கிடந்த இடத்தில்
அதன் அளவுக்கு ஒரு வட்டம் சுத்தம்,
சுற்றிலும் தூசி.

மின்னூட்டியில் வைத்தோம்.
நாலாவது கோப்பைக் காப்பியின்போது கண் விழித்து
நன்றி என்றது, ஸ்வீடிஷில்.

"பரவாயில்லை" என்றார் தைஸ்தோ,
அவரும் ஸ்வீடிஷில்.